வடக்குச் சுவர்: அவசரம்

சாவி இப்போதும் பூந்தொட்டிக்கு அடியில்தான்.
உல்வெர்பியில் எல்லோருக்கும் தெரியும்.
ஈயம் திருடியவர்களுக்கும் தெரிந்திருக்கும்,
ஆனால் அவர்கள் கதவைத் தொடவில்லை;
கூரைக்கு ஏணி போதும்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிறேன்,
டார்ச், ஈரமானி, பதினாறு பக்கப் படிவம்.

கோபுரம்: வட்டம்.
மூலைக்கு வைக்கும்படியான கல் இந்தப் பக்கம் கிடையாது.
உழும்போது இடறிய சிக்கிமுக்கிக் கல்லைப் பொறுக்கி
சுண்ணாம்பில் புதைத்து
மூலையே இல்லாமல் ஏற்றிவிட்டார்கள்.
இல்லாததை வளைத்துக் கட்டியது
தொள்ளாயிரம் வருஷமாக நிற்கிறது. விரிசல் இல்லை.

பீடப்பகுதி நேர்கோட்டில் இல்லை,
கொஞ்சம் வடக்கே ஒதுங்கும்.
சிலுவையில் சாய்ந்த தலை என்பார் மெரியல் லார்வுட்,
பன்றிப் பண்ணையில் கணக்கு, ஞாயிறு தோறும் ஆலயக் காப்பாளர்.
அளந்தவன் கயிறு நழுவியிருக்கும் என்பேன் நான்.
போன முறையும் இதே சண்டை, இதே பிளாஸ்க்.

மேற்கே குருமார் பட்டியல்.
ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்பதில் மட்டும் மூன்று பெயர்:
ஏப்ரலில் வால்டர், ஜூனில் ஆடம்,
ஆகஸ்டில் இன்னொரு வால்டர்.
பலகை எழுதியவனுக்கு இடம் போதவில்லை,
கடைசி வால்டர் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்.

தெற்குத் தூண்களில் மூன்றின் தலையில் இலை.
நான்காவதில் இலையின் கோடு மட்டும்.
உளி வைத்தவன் மதியச் சாப்பாட்டுக்குப் போனதுபோல.
முப்பது வருஷம் கழித்து வந்தவர்கள்
கூரையைப் போட்டார்கள்,
கோட்டைத் தொடவில்லை.

கூரையில் மரத் தூதர்கள் பன்னிருவர்.
ஒருவர் சிறகில் ஈயக் குண்டு.
உள்நாட்டுப் போர்ச் சிப்பாய் சுட்டது என்கிறது விற்பனைக்குள்ள துண்டேடு.
காக்கை சுட்ட பையனுக்கு ஆறு பென்னி என்கிறது பழைய கணக்கேடு.

வடக்குச் சுவர்.
இங்கே பேனா நின்றுவிட்டது.

நவம்பரிலிருந்து மழை.
தார்ப்பாய் கிழிந்து, தண்ணீர் இறங்கி,
நானூற்றைம்பது வருஷ வெள்ளை
தட்டுத்தட்டாக உரிந்திருக்கிறது.
"மீன்தான் முதலில் வந்தது," என்றார் மெரியல்,
"கிறிஸ்துமஸ் வாரம். பிறகு கணுக்கால்."

பெரிய ஆளின் கால். ஐந்து விரல்,
விரலிடுக்கில் ஒரு விலாங்கு,
கெண்டைச்சதையைச் சுற்றிப் பச்சை அலை.
கிறிஸ்டோபர். குழந்தையைத் தோளில் வைத்து
ஆற்றைக் கடந்தவர்.
வாசலில் நின்று இவர் முகம் பார்த்தவனுக்கு
அன்றைக்குத் துர்மரணம் இல்லையாம்.
அதற்காகவே வாசலுக்கு எதிரே வரைந்தார்கள்.
கணக்கேட்டில் இருக்கிறார்:
தாமஸ் ஃப்ரேஷ்டனுக்கு, புனிதரின் அங்கிக்குச் சிவப்பு, இருபது பென்னி.
பதினான்கு வருஷம் தள்ளி, அரசாணை வந்தபின்,
அதே ஃப்ரேஷ்டனுக்குச் சுண்ணாம்பும் தூரிகையும், எட்டு.
வரைவதைவிட அழிப்பது மலிவு.

"கூரையை மூடிவிட்டால்," என்றார் மெரியல்,
"இவர் முழங்காலோடு நின்றுவிடுவாரா?"

நிபுணரை அழைத்தால் மீதியையும் திறப்பார்,
அதற்குப் பணம் இல்லை, கூரைக்கே பாதிதான்.
திறந்துவிட்ட தண்ணீரே
இன்னும் இரண்டு குளிர்காலத்தில் மீனைக் கழுவிவிடும்.
சொன்னேன். தலையசைத்தார்.
அப்போதுதான் பார்த்தேன்,
வாளி ஒழுகலுக்கு நேரே இல்லை,
ஒரு முழம் தள்ளி இருந்தது,
உள்ளே காய்ந்து.

கேட்கவில்லை. காலால் நகர்த்தினேன்.
முதல் சொட்டு தகரத்தில் விழுந்தபோது
அவர் திரும்பவில்லை,
வெள்ளைக்குள் எங்கோ தோள் இருக்கும் உயரத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தார்.

படிவத்தில் எழுதினேன்:
வடக்குச் சுவர். அவசரம். தண்ணீர், முழங்கால் ஆழம்.
அடித்துவிட்டு
ஈரம் என்று மாற்றினேன்.